சொன்ன விலை

என் மனைவியின் கால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன.

இரண்டு கைகளிலும் கைப்பிடி வைத்த இரண்டு பட்டைகள். மேலே, ஒரு காலத்தில் லாரிகள் நின்று, இப்போது உடற்பயிற்சிக் கூடமாகிவிட்ட கொட்டகையின் இரும்பு உத்தரம். அதில் மாட்டிய பட்டைகளின் நுனியில் மகளுடைய டிராக் பேண்டும் என் பழைய சட்டையுமாக அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

தாடை கைப்பிடிக்கு மேலே ஒரே ஒரு தடவை வந்தால் போதும், என் மகள் ராணுவத் தேர்வுக்குப் போகலாம். வராவிட்டால் வீட்டோடு இருந்து, நான் பார்க்கும் பையனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

இந்த விலையைச் சொன்னவன் நான்.

கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை எங்களுடையது. கொடுக்க மனமில்லாத சரக்கை யாராவது கேட்டால் நாங்கள் இல்லை என்று சொல்லமாட்டோம். இல்லை என்றால் வந்தவருக்குக் கோபம் வரும். வாங்கவே முடியாத விலையைச் சொல்வோம். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். உறவும் கெடாது, சரக்கும் போகாது.

மகளிடமும் அதையேதான் செய்தேன். போகாதே என்று சொல்லவில்லை. உங்க அம்மா அந்தப் பட்டையில் தொங்கி ஒரு தடவை எழும்பிக் காட்டட்டும், மறுநாளே பெட்டியைக் கட்டு என்றேன். கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த எதிர்க்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மனைவி சிரிக்கவில்லை. பேரம் பேசினாள்.

கால் தரையில் பட்டுக்கொண்டிருந்தால் ஆகாதா என்றாள். ஆகாது. பாதி உயரம்? ஆகாது. ஆறு மாதம் அவகாசம்? மாதக் கடைசி வரைதான் என்று கறாராக முடித்தேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்று மதியம் நான் அசந்து தூங்கினேன்.

இன்று மாதக் கடைசி. எதிர்க்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாட்சிக்கு வந்திருந்தார். கடைத்தெருவில் ஒருவர் காதில் விழுந்த விலையை மாற்றிச் சொல்ல முடியாது. மாற்றினால் நாளை முழம் கயிறுகூட என்னிடம் யாரும் நம்பி வாங்கமாட்டார்கள்.

கொட்டகையை நடத்துகிற மாஸ்டர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இரும்புக் குண்டு கிடையாது, மெஷின் கிடையாது. அவரவர் உடம்புதான் அவரவர் தூக்க வேண்டிய மூட்டை. தராசுத் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஏமாற்ற முடியாத நிறுவை. அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பெண்ணை விடியற்காலையில் தனியாக அனுப்பக் கூடாது என்று, அவள் இங்கே சேர்ந்த நாளிலிருந்தே மனைவியையும் துணைக்கு அனுப்பிவந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து துண்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருக்கிற வேலை. வேடிக்கை பார்த்துப் பார்த்துப் பயிற்சி வருமென்றால் கிரிக்கெட் பார்க்கிற நான் எங்கேயோ போயிருக்க வேண்டும்.

பட்டை ஆடியது. கம்பி என்றால் அசையாமல் நிற்கும். பட்டைக்கு அந்த நாணயம் இல்லை, பிடித்தவரையே ஊஞ்சலாட்டும். அவள் முழங்காலை மடக்கி ஆட்டத்தை அடக்கினாள்.

முழங்கை மடங்கியது. நெற்றி கைப்பிடிக்கு நேராக வந்தது. மூக்கு வந்தது.

அங்கேயே நின்றுவிட்டது.

கை நடுங்கியது. தோள் நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. மகள் ஓரமாக நின்று, மேலே பார்க்க மனம் வராமல், உதட்டைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்க்கடைக்காரர் என் பக்கம் சாய்ந்து, பாவம், விட்டுவிடுங்கள் என்று முணுமுணுத்தார். விலை சொன்னவன் பாவம் பார்க்கக் கூடாது. ஆனால் தோள்மூட்டு கழன்றுவிட்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

"போதும், இறங்கு. அவ போகட்டும்" என்றேன்.

அவள் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"குறைச்ச விலைக்கு வேண்டாம்ங்க. நாளைக்குச் சொல்லிக் காட்டுவீங்க."

வாய் வந்தது. தாடை வந்தது. கைப்பிடிக்கு மேலே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், வந்து நின்றது. எல்லோரும் பார்க்கிற மாதிரி.

பொத்தென்று விழப்போகிறாள் என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். விழவில்லை. கண்ணாடிப் பெட்டியை லாரியிலிருந்து இறக்குகிற மாதிரி, தன்னைத் தானே மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

எதிர்க்கடைக்காரர் செய்தியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோக ஓட்டமாக ஓடினார். அம்மாவும் பெண்ணும் முகம் கழுவ வெளிக்குழாய்க்குப் போனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். தோற்றவன் நான்தான், ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. பெற்ற பெண்ணுக்காக ஒரே மாதத்தில் ஒருத்தி இதைச் செய்தாள் என்று இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

மாஸ்டர் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டே வந்தார். ஏதோ கேட்க நினைத்துத் தயங்கினார். பரவாயில்லை, கேளுங்கள் என்றேன்.

"அண்ணே, அக்காவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? பாப்பாகூடச் சேர்ந்து தினமும் எட்டு, பத்து தடவைன்னு சாதாரணமா எடுப்பாங்க. இன்னைக்கு ஒண்ணுக்கே கை அப்படி நடுங்கிப்போச்சே."