மலையிலிருந்து மூச்சிரைக்காத குரல்

கிளிமஞ்சாரோவில் நான்காவது நாள். நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டிருப்பதாக அருணகிரி ஃபோனில் சொன்னான். திருச்சியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி வசுமதியின் கை நின்றது.

வீட்டு மாடிக்கு ஏறினாலே நடுப்படியில் நின்று மூச்சு வாங்குகிற மனுஷன், எரிமலை மேலிருந்து செய்தி வாசிப்பவர் போலப் பேசுகிறான்.

"நெஜமாவே மலையிலதான் இருக்கீங்களா? இல்ல ஏதாவது ஏசி ரூம்லயா?"

"சந்தேகமா, வசு?"

"கூட யாரு?"

"வழிகாட்டி எலியா. இறங்கு இறங்குன்னு நச்சரிக்கிறார். என் குரல் நல்லா இருக்குன்னு நேத்து பொண்டாட்டியே சொன்னா, அப்புறம் என்னன்னு கேட்டேன்."

இறங்கச் சொல்கிறாரா? ஏன்?

அப்போதுதான் திரையின் மூலையில் எரிந்த பச்சைப் புள்ளி அவள் கண்ணில் பட்டது. வேண்டாத சத்தங்களை வெட்டி, குரலை மட்டும் துடைத்துக் கொடுக்கும் வசதி ஓடுவதன் அடையாளம் அது. எந்த வீட்டிலும் அந்த வசதியை யாரும் அணைப்பதில்லை. வசுமதி அணைத்தாள்.

சொல்லுக்குச் சொல் இருமல். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு களகள சத்தம்.

டம்ளரைக் கீழே வைத்தாள். சந்தேகம் போய்விட்டது.

"இப்பவே இறங்குங்க."

"இன்னும் ஒரே நாள்தான், வசு..."

"உச்சி எங்கயும் ஓடிடாது. எலியா கையைப் பிடிச்சுக்குங்க. ஃபோனை வைக்காதீங்க. பேச வேண்டாம், மூச்சு மட்டும் விடுங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."