நம்ம டீம்

சலூன் சுவர் முழுக்கப் பக்கத்துக் கல்லூரியின் கால்பந்து அணிப் படங்கள்தான் தொங்கின.

"அங்க எந்த வருஷம் படிச்சீங்க?" முகமெல்லாம் சோப்பு நுரையோடு கேட்டார், முதல்முறையாக வந்த வாடிக்கையாளர்.

"நான் எட்டாவதோட நிறுத்திட்டேன் சார். ஆனா நம்ம டீமுக்கு மேட்ச்னா கடைக்குப் பூட்டுதான்!" என்றார் சலூன்காரர்.

"படிக்காத காலேஜுக்கு இவ்வளவு வெறியா? அங்க படிக்கிறவனே எட்டிப் பார்க்கறதில்ல. பேசாம டீமைக் கலைச்சிடலாம்."

"கலைக்கிறவன் என் கையில சிக்கட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு!"

கத்தி தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியபோது வாடிக்கையாளரின் போன் அடித்தது. காதிலும் நுரை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"பிரின்சிபால் சார், டீமைக் கலைக்கிற ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

கத்தி அப்படியே நின்றது.

"நம்ம டீமையா?" என்றார் வாடிக்கையாளர், கழுத்தை அசைக்காமல். "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அது நடக்காது!"