வலது பக்கம் சுளீர்

"இடுப்பு எப்போ வலிக்குது?" என்று கேட்டார் டாக்டர்.

மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்திருந்த லாரி டிரைவர், பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். "காலையில எழுந்ததும் மரக்கட்டையா விறைச்சுக்குது. குனிஞ்சு தூக்கும்போது வலது பக்கம் சுளீர்னு இழுக்குது. நிமிர ரெண்டு நிமிஷம் ஆகுது."

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "இங்கயா?"

"தெரியல டாக்டர்."

குண்டூசியால் லேசாகக் குத்தியும் டிரைவர் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் குழம்பிப்போய் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலி; நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது என்றுதான் எழுதியிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியலயே! குனிஞ்சு எதைத் தூக்கும்போது?"

"என்னைத்தான் டாக்டர். கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில இருந்து குளியலறைக்கு. தனக்குன்னா ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டா. எனக்கு வலின்னதும் ஓடி வந்துட்டா."

டாக்டர் கதவைத் திறந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"அவருக்கு என்ன டாக்டர்?"

"தாங்க முடியாத வலிம்மா. நீங்க வந்து படுங்க, பார்க்கிறேன்."