கடைசித் துளை

பெல்ட் யார் இடுப்புக்குப் பொருந்துகிறதோ அவளுக்குப் பரிசு என்று மைக்கில் சொன்னார்கள். உடனே பெண்பிள்ளைகள் மேடைப் படியருகே வரிசை கட்டிவிட்டார்கள்.

வரிசையில் நாலாவதாக என் மகள் நின்றாள்.

அந்த பெல்ட் என் அம்மா போட்டது. அம்மா நாடகக் கம்பெனியில் கதாநாயகியாக ஆடியவள். செத்து வருஷக்கணக்காகிறது. 'மேடையை ஆண்ட பெண்கள்' என்று பெயர் வைத்து, அவள் காலத்து நடிகைகளின் உடுப்புகளையும் நகைகளையும் ஒரு பெரிய மண்டபத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒரு பூங்கொத்தையும் திணித்திருந்தார்கள்.

மேடையை ஆண்டாளாம். ஒரு வாய் சோற்றுக்குக் கையேந்தி நின்றதற்குப் பெயர் ஆட்சி.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை அம்மாவின் நடன உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றது. அந்த உடுப்பும் பொம்மைக்குத் தொளதொளவென்று இருந்திருக்கிறது. முதுகுப் பக்கம் வரிசையாக கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். அத்தனை பட்டினி கிடந்தும் அம்மா கடைசியில் ஒரு பொம்மையிடம் தோற்றுப்போனாள்.

கீழே அட்டையில் 'கொடியிடையாள்' என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்து போஸ்டரிலும் அப்படித்தான் போடுவார்கள். கொடிக்காவது வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

மேடையில் பெல்ட்டோடு நின்றவர் கம்பெனி மேனேஜரின் மகன். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து கண்காட்சிக்குக் கொடுத்ததே அவர்தான் என்று பொன்னாடை வேறு போர்த்தியிருந்தார்கள். பெல்ட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். தோல் கறுத்து, அம்மாவின் வேர்வை பட்ட இடமெல்லாம் மினுமினுத்தது.

அதை நான் கடைசியாகப் பார்த்தது ஒப்பனை அறையில்.

தினமும் நாடகம் தொடங்கும் முன் மேனேஜர் அதோடு வருவார். அம்மா முகத்தில் பாதிப் பவுடரோடு எழுந்து கையைத் தூக்குவாள். அவர் பின்னால் போய், முதுகில் முழங்காலை முட்டுக் கொடுத்து இழுப்பார். கடைசித் துளை கடைக்காரன் போட்டதில்லை. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அவரே போட்டது. கொக்கி அதில் விழுந்துவிட்டால், "சரி, போய்ச் சாப்பிடு" என்பார்.

விழாத நாளில் அம்மாவின் தட்டு எனக்கு வந்துவிடும். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து நான் இரண்டு தட்டையும் காலி செய்வேன். அம்மா கண்ணாடியைப் பார்த்தபடி புருவம் வரைந்துகொண்டிருப்பாள். பிள்ளை நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மகளிடமும்தான். அவள் பார்த்து வளர்ந்ததெல்லாம் கூடத்துச் சுவரில் இருக்கும் போட்டோவை. அதில் அம்மாவின் இடுப்பு இரண்டு கைக்குள் அடங்கிவிடும்.

சில மாதங்களாக மகள் சாப்பாட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாள். கேட்டால் பள்ளிக்கூடத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறது. அதட்டியும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. வளருகிற பிள்ளை, தானாகச் சரியாகும் என்று அவள் அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

முதல் பெண்ணுக்கு பெல்ட் பாதிதான் வந்தது. கூட்டம் சிரித்தது. அந்தப் பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, இறங்கும்போது துப்பட்டாவை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டாவது பெண்ணை மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்கள். மூன்றாவது பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் கைதட்டல்.

நான் பூங்கொத்தை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தேன். மகள் படியேறும் முன் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வழியை அடைத்திருந்தார்கள். நகருங்கள், நகருங்கள் என்று இடித்துக்கொண்டு போனேன். யாரோ ஒரு அம்மாள், "பொறுங்க, எல்லாருக்கும் சான்ஸ் வரும்" என்றாள்.

அதற்குள் மகள் மேலே போய்விட்டாள். யாரும் சொல்லாமலே கைகளைத் தூக்கினாள்.

மேனேஜரின் மகன் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. ஆனால் முழங்காலுக்கு வேலையே இருக்கவில்லை. கொக்கி கடைசித் துளையில் தானாகப் போய் விழுந்தது. அதற்குமேலும் இடம் இருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து பெல்ட்டுக்குள் செருகி, கையை எடுத்துவிட்டுக் காட்டினார். பேனா நழுவித் தரையில் விழுந்தது.

"எங்கப்பா இருந்திருந்தா இந்தப் பொண்ண மேடைய விட்டு எறங்கவே விட்டிருக்க மாட்டாரு."

மண்டபமே கைதட்டியது. காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்ப வாயில் எச்சில் இல்லை.

மகள் பரிசுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தாள். அவள் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரல்கள் சுற்றிவந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

அவள் என் காதருகே குனிந்தாள்.

"இப்ப நான் சாப்பிடலாமாம்மா?" என்று கேட்டாள்.