குறுக்கே போகக் கூடாது

“இன்னும் எத்தனை ரக்அத்தும்மா தொழுவாரு உன் புருஷன்? எனக்குக் கால் மரத்தே போச்சு!”

“மெதுவா பேசுங்க அண்ணே. தொழுதுட்டிருக்காருல்ல,” என்றாள் தங்கை, கையில் கரண்டியோடு அறை வாசற்படியில் நின்றபடி.

ஹார்டுவேர் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். தன் கடை வேலைக்கு வருவதைத் திடீரென்று நிறுத்திவிட்ட தங்கை புருஷனை இன்று கையோடு அழைத்துப் போய்விடுவது என்ற முடிவோடு வந்திருந்தார் அவர். கூடத்தில் உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல் விறுவிறுவென்று அறைக்குள் புகுந்து, கோடியில் கிடந்த கட்டிலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார். அதுதான் வினையாகிவிட்டது.

கை கால் முகம் கழுவி ஒளு செய்த ஈரக் கையோடு வந்த மாப்பிள்ளை, ஸலாம் சொன்னார். “தொழுதுட்டு வந்துடறேன் மச்சான்” என்றார். விரிப்பை விரித்து, ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டினார். அறையோ தீப்பெட்டி. கட்டிலிலிருந்து கதவுக்குப் போக வேண்டுமானால் மாப்பிள்ளைக்கு முன்னால் புகுந்துதான் போக வேண்டும். தொழுகிறவருக்குக் குறுக்கே போகக் கூடாது என்பது கடைக்காரருக்குத் தெரியாததா? பொறியில் மாட்டியதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கத் திரும்பினார். முகம் நேராகக் கடைக்காரர் பக்கம் வந்தது. இவர் அவசரமாக வாயைத் திறப்பதற்குள் அது மறுபக்கம் திரும்பிவிட்டது. அடுத்த நொடி ஆள் எழுந்து நின்றாயிற்று.

“மறுபடியுமா!” கடைக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். “இஷ்டத்துக்குத் தொழுற நஃபிலுக்கு ஒரு அளவு வேணாமா? காலையில சுப்ஹு தொழுதாச்சு. மத்தியான லுஹருக்கு இன்னும் பொழுது கிடக்கு. நடுவுல யாரைக் கேட்டுட்டு இத்தனை?”

“அல்லாஹ்வைத் தொழ யாரைக் கேட்கணும்?” என்றாள் தங்கை.

“எதிர்த்துப் பேசாதே. ஊர் சிரிக்குது, தெரியுமா உனக்கு? நேத்து சலூன்ல ஒருத்தன் கேக்கறான், ‘உங்க மாப்பிள்ளை மகான் ஆயிட்டாராமே, தாயத்து ஏதும் மந்திரிச்சுத் தருவாரா’ன்னு. பாதி வெட்டின தலையோட எழுந்து வந்துட்டேன். வீட்டுக்குள்ளேயும் தொப்பியைக் கழட்டாம உட்கார்ந்திருக்கேனே, ஏன்னு நினைச்சே?”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “தாயத்தா? இவரா? படைச்சவனைத் தவிர வேற யார்கிட்டயும் எதுவும் கேட்காதேன்னு என்னையே விரட்டுற மனுஷன்.”

“சிரி, நல்லா சிரி! நம்ம குடும்பத்துல யாராவது இப்படி ஊர் வாயில விழுந்ததுண்டா? அல்லாஹ்வுக்காகத் தொழணும்மா. நாலு பேர் பார்க்கத் தொழக் கூடாது. அதுக்குப் பேரு முகஸ்துதி. அதுவும் அல்லாஹ்வுக்கு இணைவைக்கிற பாவம்தான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான்ல சொல்லலையா?”

“இந்த அறையில யாரு அண்ணே பார்க்கறா? ஒரே ஒரு பல்லி இருக்கு. அதுவும் நீங்க போட்ட சத்தத்துல ஓடிடுச்சு.”

“என்னைப் பாரு,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் கடைக்காரர். “கடை வெச்ச நாள்லேர்ந்து, பாங்கு சொல்லி முடிக்கறதுக்குள்ள பள்ளிவாசல் முன்வரிசையில நிப்பேன். என் இடத்துல இன்னொருத்தர் நின்னதா சரித்திரமே கிடையாது. அதுக்காக வியாபாரம் படுத்துதா? தொழுகையும் நடந்துது, பொழைப்பும் நடந்துது. ரெண்டையும் சமாளிக்கத் தெரியணும்!”

தங்கை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“இவர் வராம கடை படற பாடு இருக்கே! புதுசா வெச்ச ஆளு, முக்கால் இஞ்ச் குழாய் கேட்ட கொத்தனாருக்கு அரை இஞ்சைக் கொடுத்து அனுப்பிட்டான். அவர் வந்து நடுத்தெருவுல நின்னு கத்தறாரு. பாங்கு சத்தம் காதுல விழுது, என்னால ஒரு அடி நகர முடியல. நேத்து எனக்குப் பள்ளிவாசல்ல லுஹர் ஜமாஅத்தே போச்சு! தனியா, வீட்டுக்கு வந்து தொழுதேன். எப்படித் துடிச்சிருப்பேன்னு யாருக்காவது தெரியுமா? யாரால? எல்லாம் இந்த மனுஷனால!”

மாப்பிள்ளை மறுபடி ஸலாம் கொடுத்தார். கடைக்காரர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். மாப்பிள்ளை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுந்தார். கைகள் காதுவரை உயர்ந்து இறங்கின.

“போதும்! மச்சான்னு ஒரு மரியாதை வேணாம்? குறுக்கே போனா போறேன், அல்லாஹ் என்னை மன்னிப்பான்!” கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

“ஐயோ, வேணாம் அண்ணே!” தங்கை கரண்டியை நீட்டி மறித்தாள். “அது நஃபில் இல்ல.”

“பின்ன?”

அவள் குரலை இறக்கினாள். “உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அதெல்லாம் வேளைக்குத் தொழாம விட்டுப்போன கட்டாய ஃபர்ளு. ஒண்ணொண்ணா களா தொழுது ஈடுகட்டறாரு. முழுசா முடிச்சப்புறம்தான் மத்த வேலைன்னுட்டாரு.”

கடைக்காரரின் முகம் சிவந்தது. “விட்டுப்போச்சா? நம்ம வீட்டு மாப்பிள்ளை ஃபர்ளு தொழுகையை விட்டாரா? அதுவும் இத்தனையா? பாங்கு சத்தம் கூடக் காதுல விழாம எங்கே சுத்தப் போனாரு அப்பல்லாம்?”

“எங்கேயும் சுத்தல அண்ணே. நீங்க முன்வரிசையில நின்னு தொழுது, பள்ளிவாசல் படியில நின்னு ஊர்க்கதை பேசி, அடுத்த பாங்கு நேரத்துக்குக் கடைக்குத் திரும்பி வர்ற வரைக்கும், உங்க கல்லாவை விட்டு நகராம உட்கார்ந்திருந்தாரு.”