நத்தைக்கல்

சுண்ணாம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஆசீர், ஆதியில் நத்தையாய் இருந்து கல்லாகிப்போன, தட்டு அகலத்துக்கு ஒரு நத்தைக்கல்லைக் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்தான். "பத்துக் கோடி வருஷப் பழசாம். இன்ஜினியர் சொன்னார்." அவன் மனைவி எமிமாளுக்குக் கல்லைப் பிடிக்கவில்லை. உலகத்துக்கே ஆறாயிரம் வயதுதான் என்று சபையில் கற்றவள் அவள். வீட்டு ஜெபத்துக்கு வந்த பாஸ்டரிடம் காட்டினாள்.

அவர் சிரித்தார். "ஆதாமை வளர்ந்த ஆளாத்தானே ஆண்டவர் படைச்சார், சிஸ்டர்? கல்லையும் அப்படிப் பழசாவே படைச்சுட்டார்."

"அப்போ இந்த நத்தை உயிரோடவே இருந்ததில்லையா?"

"இல்லை" என்று காபியை உறிஞ்சினார்.

அன்றிலிருந்து எமிமாளுக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது. தேய்ந்த வாசற்படி, கணவனின் நரை, கல்யாண ஆல்பம். வாழாத நத்தைக்குத் தடம் வைத்தவருக்கு இதையெல்லாம் பழசாகவே படைத்துவைப்பது எம்மாத்திரம்? குளிக்கும்போது அடிவயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். மூன்றே நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளைக்கு அது ஒன்றுதான் சாட்சி. அவனைப் போட்டோகூட எடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்த ஆசீரிடம் கேட்டாள்: "ஏங்க, நம்ம பிள்ளைக்கு எந்தக் காதுல மச்சம்?"

சோற்றில் கை வைத்தபடியே அவன் மற்றக் கையால் தன் காதுகளை மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். "இடது."

அவள் நினைவில் இருந்தது வலது காது. அவளுக்கு மெல்ல மூச்சு வந்தது. ஆண்டவர் செய்துவைத்த நினைவென்றால் தப்பு வந்திருக்காதே.

அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் நத்தைக்கல்லை எடுத்து, ஒரு தப்பாவது இருக்கிறதா என்று சுழி சுழியாகத் தடவித் தேடத் தொடங்கினாள்.