பச்சையம்மாள் பார்த்த பெண்

கல்யாணத் தரகு பார்க்கும் கிளி பச்சையம்மாளுக்கு வர்ணனையெல்லாம் மனப்பாடம். மாப்பிள்ளை ஆந்தையின் பொந்து வாசலில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: "பொண்ணுக்கு மீன் போலக் கண்ணு, அன்னம் போல நடை, குயில் போலக் குரல்!"

மாப்பிள்ளை தலையைச் சாய்த்தான். "மீனுக்குக் கண் பக்கத்துக்கு ஒண்ணா இருக்குமே அக்கா, எதிரே ஓடுற எலி எப்படித் தெரியும்? அன்னநடை எனக்கு எதுக்கு? குயில் மாதிரி கூவினா ஊர் எலியெல்லாம் வளைக்குள்ள போயிடும். ஆமா, நீங்க பொண்ணைப் பார்த்தீங்களா?"

பச்சையம்மாளுக்குச் சுருக்கென்றது. பார்க்கவில்லை. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் பெண்ணின் அம்மா வேறு தரகரைத் தேடிவிடுவாள்.

அன்று சாயங்காலமே பெண்வீட்டு மரத்துக்குப் பறந்தாள். மறுநாள் திரும்பி வந்தபோது அவள் பேச்சில் பழைய வேகம் இல்லை.

"பொண்ணு வெளியே போயிருக்குன்னாங்க. எந்தப் பக்கமா வரும்னு கிளையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன் தம்பி. திரும்பினா பக்கத்துல உட்கார்ந்திருக்கு! வந்ததே தெரியல. இலவம்பஞ்சு வந்து விழுந்த மாதிரி."

மாப்பிள்ளையின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டன.

பச்சையம்மாள் பயந்துபோனாள். "இருட்டிடுச்சு தம்பி, முகத்தைச் சரியா பார்க்கலை. வேணும்னா நிலா போலன்னு..."

"முகம் கிடக்கட்டும் அக்கா," என்றான் அவன். "முகூர்த்தம் எப்போன்னு கேளுங்க."